108 வருடக் காத்திருப்பு

மைதானமும் மக்களும் – 12

2016 அக்டோபர் 29, சனிக்கிழமை இரவு. சிகாகோ நகரின் ரிக்லி ஃபீல்டு மைதானத்துக்கு 96 வயது முதியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் போ டை, மேலே சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் ஜாக்கெட். அவர் பெயர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். 1975 முதல் 2010 வரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். நாட்டின் மிக முக்கியமான தீர்ப்புகளை எழுதிய அந்தக் கைகள் அன்று கப்ஸ் ரன் எடுக்கும்போது தட்டக் காத்திருந்தன. தட்டுவதற்கு அதிகம் வாய்ப்பு கிடைக்கவில்லை. கிளீவ்லாந்து அணி 7-2 என்று ஜெயித்தது.

ஸ்டீவன்ஸுக்கு இது பழக்கமான வலி. 1932 அக்டோபர் 1 அன்று, 12 வயதுச் சிறுவனாக இதே மைதானத்தில் உட்கார்ந்து பேப் ரூத் கப்ஸுக்கு எதிராக விளையாடியதைப் பார்த்தவர் அவர். நியூயார்க் யாங்கீஸின் அந்த மகா ஆட்டக்காரர் மைதானத்தின் நடுப்பகுதியை நோக்கிக் கையை நீட்டிவிட்டு, அந்தத் திசையிலேயே பந்தை அடித்து ஹோம் ரன் எடுத்தாராம். உண்மையிலேயே சுட்டிக்காட்டினாரா, எதிரணியினரைக் கேலி செய்யக் கையை ஆட்டினாரா என்பதைப் பற்றி அமெரிக்கர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுட்டிக்காட்டியதைத் தானே பார்த்ததாக ஸ்டீவன்ஸ் கடைசிவரை சொன்னார். அன்று அரங்கில் இன்னொரு முக்கியஸ்தரும் இருந்தார். ஜனாதிபதி தேர்தலில் நின்றுகொண்டிருந்த ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்.

அதுவரை கப்ஸ் கடைசியாக வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை வென்றது 1908இல். ஸ்டீவன்ஸ் பிறந்தது 1920இல். அதாவது, 96 வயதுவரை வாழ்ந்தும் தன் அணி சாம்பியன் ஆனதை அவர் பார்த்திருக்கவில்லை. பணம், பதவி, புகழ் எதை வைத்தும் வாங்க முடியாத ஒன்றுக்காக, எல்லாவற்றையும் வாங்கக்கூடியவர்கள் ஒரு நூற்றாண்டு காத்திருந்தார்கள். கப்ஸின் பிரபல ரசிகர்களைப் பற்றி இந்தத் தொடரில் ஒரு வாரம் முழுதாக எழுத அதுதான் காரணம்.

தோல்விக்கு ஓர் ஆட்டின் மேல் பழி போட்ட கதையும் உண்டு. 1945 வேர்ல்ட் சீரிஸில் டெட்ராய்ட் டைகர்ஸுடன் ஆட்டம். 'பில்லி கோட்' என்ற மதுக்கடையை நடத்திய வில்லியம் சியானிஸ், தன் வளர்ப்பு ஆட்டையும் டிக்கெட் எடுத்துக் கூட்டிவந்தார். நாற்றம் தாங்கவில்லை என்று ஆட்டை வெளியேற்றினார்கள். கோபத்தில் அவர் சாபம் விட்டாராம். அந்தத் தொடரில் கப்ஸ் தோற்றது. அதன்பிறகு 39 ஆண்டுகள் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கே தகுதி பெறவில்லை. சாபத்தை நம்பாதவர்கள்கூட அந்தக் கதையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தோல்விக்கு ஏதாவது காரணம் வேண்டாமா?

தோற்கும் அணிக்கு இவ்வளவு நடிகர்களும் பாடகர்களும் எப்படிக் கிடைத்தார்கள்? ஒரு பெரிய காரணம் பகல் வெளிச்சம். மற்ற மைதானங்களில் விளக்குகள் வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் ரிக்லி ஃபீல்டில் விளக்கு இல்லை. 1988 ஆகஸ்ட்டில்தான் முதல் இரவு ஆட்டம் நடந்தது. அதுவரை எல்லாம் பகல் ஆட்டம். பள்ளிவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் டிவியைப் போட்டால் கப்ஸ் ஆடிக்கொண்டிருக்கும். டபிள்யூ.ஜி.என். தொலைக்காட்சி கேபிள் வழியாக அமெரிக்கா முழுவதும் போனதால், சிகாகோவைக் கண்ணால் பார்த்திராத குழந்தைகளுக்கும் அது சொந்த அணியானது. மாலையில் மேடையேற வேண்டிய நாடக நடிகர்களுக்கோ மதியம் முழுக்க ஓய்வு. மலிவான திறந்தவெளி இருக்கைகளில் போய் உட்கார்ந்துவிடலாம். ஜோ மன்டேன்யா அப்படிப்பட்ட ஒரு நடிகர். அந்த இருக்கைகளில் பந்தயம் கட்டிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருக்கும் ரசிகர்களைப் பற்றி நாடகம் போடலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். 1977இல் ஆர்கானிக் தியேட்டர் குழு 'பிளீச்சர் பம்ஸ்' என்று அதை அரங்கேற்றியது.

இன்னொரு நடிகர், நடிகராவதற்கு முன்பே கப்ஸுக்காக வேலை பார்த்தவர். 1930களில் அயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் வானொலி அறிவிப்பாளராக இருந்த ரொனால்ட் ரீகன், சிகாகோவில் நடக்கும் கப்ஸ் ஆட்டங்களை வர்ணித்தார். அவர் மைதானத்துக்குப் போவதில்லை. சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பார். தந்தியில் வரும் இரண்டொரு வார்த்தைகளை உதவியாளர் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அதை வைத்து வெயில், கூட்டம், பந்து எகிறிய விதம் என்று எல்லாவற்றையும் கற்பனையில் உருவாக்கிப் பேசுவார். ஒருநாள் கப்ஸ் வீரர் பில்லி ஜர்ஜஸ் மட்டையோடு நிற்கும்போது தந்தி அறுந்துபோனது. அதைச் சொன்னால் நேயர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். ரீகன் விடவில்லை. ஜர்ஜஸ் பந்துக்குப் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டே இருப்பதாகச் சொல்லிச் சமாளித்தார். தந்தி மீண்டும் வந்தபோது தெரிந்தது: ஜர்ஜஸ் முதல் பந்திலேயே அவுட்.

1937இல் கப்ஸ் அணியின் பயிற்சி முகாமைப் பற்றிச் செய்தி சொல்ல ரீகன் கலிஃபோர்னியா போனார். போன இடத்தில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் அவரை நடிக்க வைத்துப் பார்த்தது. பிறகு நடந்ததை உலகம் அறியும். 1988 செப்டம்பர் 30 அன்று, ஜனாதிபதி பதவி முடிய சில மாதங்களே இருக்கும்போது, ரிக்லி ஃபீல்டுக்கு வந்து சம்பிரதாயமான முதல் பந்தை எறிந்தார். வர்ணனை அறைக்குப் போய் கொஞ்ச நேரம் வர்ணித்தார். சீக்கிரம் வேலையில்லாமல் போகப்போகிறேன், அதனால் இங்கே குரல் தேர்வுக்கு வந்தேன் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த அறையில் அவருக்கு இடம் கொடுத்தவர் ஹாரி கேரி. தடித்த சட்டங்கள் போட்ட பெரிய மூக்குக்கண்ணாடி, கரகரத்த குரல். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸின் நடுவே எல்லோரும் எழுந்து கை கால்களை நீட்டி முறுக்குவது பேஸ்பால் வழக்கம். அப்போது பாடும் பழைய பாட்டு ஒன்று உண்டு. கேரி ஜன்னல் வழியாகப் பாதி உடலை வெளியே நீட்டி, மைக்கைப் பிடித்து, சுருதி தப்பி அதைப் பாடுவார். அரங்கமே சேர்ந்து பாடும். இதை அவர் முதலில் செய்தது சிகாகோவின் போட்டி அணியான வொய்ட் சாக்ஸின் வர்ணனையாளராக இருந்தபோது. 1982இல் கப்ஸுக்கு வந்தபோது பாட்டும் கூடவே வந்தது.

1987 தொடக்கத்தில் கேரிக்குப் பக்கவாதம் வந்தது. அவர் தேறி வரும்வரை ஆளுக்கு ஒருநாள் என்று பிரபலங்கள் வர்ணித்தார்கள். அவர்களில் நடிகர் பில் மர்ரேயை ரசிகர்கள் மறக்கவே இல்லை. சிகாகோவை ஒட்டிய வில்மெட் ஊர்க்காரர். நடுநிலை என்ற பாவனையே இல்லாமல், எதிரணி ஆட்டக்காரர்களை வாரிவிட்டு, கப்ஸ்காரர்களைத் தூக்கிவைத்துப் பேசினார். மே மாதம் கேரி திரும்பிய நாளில், நேரலையிலேயே தொலைபேசியில் வரவேற்றவர் வெள்ளை மாளிகையில் இருந்த ரீகன்.

கேரி 1998 பிப்ரவரியில் காலமானார். அந்த ஆண்டு முதல் ஏழாவது இன்னிங்ஸ் பாட்டைப் பாட ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு விருந்தினரை அழைக்கிறார்கள். அவருடைய மனைவி டச்சிதான் முதலில் பாடினார். பிரபலங்களுக்கு இது கடுமையான பரீட்சை. நன்றாகப் பாட வேண்டியதில்லை; கேரியே நன்றாகப் பாடியவர் இல்லை. மனசோடு பாட வேண்டும். ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 2003இல் வார்த்தை தெரியாமல் ஏதேதோ முனகினார். கார் பந்தய வீரர் ஜெஃப் கோர்டன் 2005இல் மைதானத்தின் பெயரையே தப்பாகச் சொன்னார். அரங்கம் கூச்சலிட்டு அவரை விரட்டாத குறை. மனசில்லாமல் வந்து நிற்கும் நட்சத்திரத்தை அந்தக் கூட்டம் சில நொடிகளில் கண்டுபிடித்துவிடும்.

ஸ்டீவ் குட்மனுக்கு அந்தப் பரீட்சை தேவைப்பட்டிருக்காது. அமெரிக்காவின் அருமையான நாட்டுப்புறப் பாடகர்களில் ஒருவர். சிகாகோவில் 1948இல் பிறந்தவர். இருபது வயதை ஒட்டி ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதன்பிறகு வாழ்ந்த ஆண்டுகளில் எழுதிய பாட்டுகள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. சாகக் கிடக்கும் கப்ஸ் ரசிகன் ஒருவன் தன் கடைசி ஆசையைச் சொல்வதாக ஒரு பாட்டு எழுதினார். தன் இறுதிச் சடங்கு ரிக்லி ஃபீல்டில் நடக்க வேண்டும் என்பது அந்த ரசிகனின் ஆசை. எழுதியவர் யார், எந்த நிலையில் எழுதினார் என்று தெரிந்து கேட்டால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். அணி நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. சோகமாக இருக்கிறது என்றார்கள். வானொலி நிலையம் உற்சாகமான பாட்டு ஒன்று கேட்டது. குட்மன் 'கோ கப்ஸ் கோ' எழுதிக் கொடுத்தார்.

1984. 39 ஆண்டு வறட்சி முடியும் போலத் தெரிந்த வருடம். செப்டம்பர் 20 அன்று குட்மன் 36 வயதில் இறந்தார். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 24 அன்று, கப்ஸ் தன் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்தது. பிளே-ஆஃப் சுற்றின் முதல் ஆட்டத்தில் தேசிய கீதம் பாட வேண்டியவர் குட்மன். அவருடைய நண்பர் ஜிம்மி பஃபெட் அவருக்காகப் பாடினார். கப்ஸ் அன்று 13-0 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்தது. பிறகு சான் டியேகோவில் வரிசையாக மூன்றில் தோற்று வெளியேறியது. குட்மனின் அஸ்தியில் ஒரு பகுதியைப் பின்னாளில் ரிக்லி ஃபீல்டில் தூவினார்கள். கப்ஸ் சொந்த மைதானத்தில் ஜெயிக்கும் ஒவ்வொரு நாளும் இப்போது ஒலிப்பது அவருடைய 'கோ கப்ஸ் கோ'தான். பிரபல ரசிகர்கள் என்று எத்தனை பேரைச் சொன்னாலும் முதல் நாற்காலி குட்மனுக்கே.

அவர் படித்த மெயின் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் அதே காலத்தில் படித்தவர் ஹிலாரி கிளின்டன். 1994இல் ஜனாதிபதியின் மனைவியாக ரிக்லி ஃபீல்டில் ஆட்டப் பருவத்தின் முதல் பந்தை எறிந்தவர். 1999இல் நியூயார்க்கில் செனட் தேர்தலுக்குத் தயாரானபோது யாங்கீஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஓட்டுக்காக அணி மாறிவிட்டார் என்று பெரிய ரகளை. கப்ஸ் நேஷனல் லீக், யாங்கீஸ் அமெரிக்கன் லீக், இரண்டிலும் ஒவ்வோர் அணியை விரும்பலாம் என்பது அவர் வாதம். விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் சிகாகோவில் வளர்ந்தவர் அந்தத் தொப்பியைப் போட்டிருக்க வேண்டாம். கப்ஸ் ரசிகர்கள் கட்சி மாறுவதைக்கூட மன்னிப்பார்கள், இதை மாட்டார்கள்.

2003 அக்டோபர் 14 இரவு எல்லாருக்குமே ஆறாத காயம். வேர்ல்ட் சீரிஸுக்குப் போக இன்னும் ஒரு வெற்றி தேவை. ஏழாவது இன்னிங்ஸில் கப்ஸ் முன்னிலை. பாட வந்தவர் நகைச்சுவை நடிகர் பெர்னி மாக். சிகாகோக்காரர்தான், ஆனால் வொய்ட் சாக்ஸ் ரசிகர். அணியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'சாம்பியன்ஸ்' என்று மாற்றிப் பாடினார். அடுத்த இன்னிங்ஸில், பிடிக்கக்கூடியதாக இருந்த ஒரு பந்தை எல்லைச் சுவரோரம் இருந்த ரசிகர் ஒருவர் தொட்டுவிட்டார். அதன்பின் எதிரணி எட்டு ரன் எடுத்தது. கப்ஸ் தோற்றது. முன்கூட்டியே சாம்பியன் என்று பாடியதுதான் வினை என்று பலர் பெர்னி மாக்கை நொந்துகொண்டார்கள். அந்த ரசிகரைத் துரத்திய கொடுமை அதைவிடப் பல மடங்கு. காவல் துறை பாதுகாப்பு தர வேண்டியிருந்தது. எத்தனையோ பேர் நீட்டிய கைகளில் அவர் கையில் பட்டது, அவ்வளவுதான். ஆட்டத்தில் கோட்டைவிட்ட வீரர்களை விட்டுவிட்டு ஒரு சாதாரண மனிதரின் வாழ்க்கையைச் சிதைத்தது கப்ஸ் ரசிகர்களின் வரலாற்றில் இருக்கும் அழுக்கு. 2017இல் அணி அவருக்குச் சாம்பியன் மோதிரம் ஒன்றைக் கொடுத்தது. தாமதம்தான், ஆனாலும் செய்தார்கள்.

அந்த மோதிரத்துக்குக் காரணம் 2016. ரிக்லி ஃபீல்டில் 71 ஆண்டுகளுக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ். அங்கே நடந்த மூன்று ஆட்டங்களிலும் ஏழாவது இன்னிங்ஸ் பாட்டுக்கு வாடகை நட்சத்திரம் யாரும் வரவில்லை. முதல் நாள் பில் மர்ரே, கார்ட்டூன் வாத்து டாஃபி டக்கின் குரலில். அடுத்த நாள் நடிகர் வின்ஸ் வான். மூன்றாம் நாள் பெர்ல் ஜாம் இசைக்குழுவின் எடி வெடர். வெடர் பிறந்தது பக்கத்து எவன்ஸ்டனில். கப்ஸின் மகத்தான ஆட்டக்காரர் எர்னி பேங்க்ஸ் கேட்டுக்கொண்டதால், அணிக்காக 'ஆல் த வே' என்ற பாட்டை எழுதியவர். 512 ஹோம் ரன் அடித்தும் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட ஆடக் கொடுத்துவைக்காத பேங்க்ஸ், 2015 ஜனவரியில் காலமாகியிருந்தார்.

நவம்பர் 2, கிளீவ்லாந்தில் ஏழாவது ஆட்டம். எதிரணிக்காகக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் கத்திக்கொண்டிருந்தார். மர்ரேயும் வெடரும் அரங்கில். எட்டாவது இன்னிங்ஸில் 6-3 முன்னிலை கரைந்து 6-6 ஆனது. மழை வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்றது. பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று ஜெயித்தது. வீரர்கள் உடை மாற்றும் அறையில் ஷாம்பெயினில் நனைந்து, கண் கலங்கி நின்றார் மர்ரே. சிகாகோவில் ஜனங்கள் ரிக்லி ஃபீல்டின் செங்கல் சுவரில் சாக்பீஸால் பெயர்களை எழுதினார்கள். காத்திருந்து பார்க்காமலே போன அப்பாக்கள், தாத்தாக்கள், பாட்டிகள் பெயர்கள்.

2017 ஜனவரி 16 அன்று வெற்றி பெற்ற அணி வெள்ளை மாளிகைக்குப் போனது. பராக் ஒபாமா தீவிர வொய்ட் சாக்ஸ் ரசிகர். ஆனால் மிஷேல் ஒபாமா கப்ஸ் வீட்டுப் பெண். பள்ளியிலிருந்து வரும்போது அப்பா டிவியில் கப்ஸ் ஆட்டம் பார்த்துக்கொண்டிருப்பாராம். எட்டு ஆண்டுகளில் எந்தச் சாம்பியன் அணியின் வரவேற்புக்கும் வராத மிஷேல், இந்த அணியைப் பார்க்க வந்தார். நான்கு நாள் கழித்து அவர்கள் அந்த மாளிகையைக் காலி செய்தார்கள். நீதிபதி ஸ்டீவன்ஸ் 2019 ஜூலையில், தன் 99 வயதில் காலமானார். தன் அணி கோப்பை வாங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டீவ் குட்மனின் அந்த இரண்டு பாட்டுகளையும் தேடிக் கேளுங்கள். சோகப் பாட்டை முதலில்.

அடுத்த வாரம், 86 ஆண்டுகள் காத்திருந்த பாஸ்டன் ரெட் சாக்ஸ், அதன் ரசிகர் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்.

(தொடரும்)