பூட்டைச் செய்தவரிடம் ஒரு மாற்றுச் சாவி?

2012 நவம்பரில் இலங்கையின் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. தோண்டத் தோண்ட, 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். அவை எந்தக் காலத்தவை என்ற சர்ச்சை எழுந்தது. 1987–89 கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களோ பதில் கேட்டு நின்றன. அப்படிப்பட்டவர்களின் வாக்குமூலங்கள் இன்று லேப்டாப்பில்தான் சேர்கின்றன. லேப்டாப்பைப் பறித்துச் செல்பவர் படிக்க முடியாதபடி ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பூட்டிவிடுகிறது மறைகுறியாக்க மென்பொருள். ஆனால், பூட்டைச் செய்தவரே அரசாங்கத்துக்கு மாற்றுச் சாவி கொடுத்திருந்தால்?

வீண் சந்தேகம் அல்ல இது. பல நாட்டு அரசுகளுக்கு மறைகுறியாக்க இயந்திரங்களை விற்ற சுவிஸ் நிறுவனம் கிரிப்டோ ஏஜி. 1970 முதல் அது சிஐஏவுக்கும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறைக்கும் சொந்தமாக இருந்தது 2020இல்தான் அம்பலமானது. ஏமாந்து வாங்கியவர்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் உண்டு.

2004இல் வந்த ட்ரூகிரிப்ட் என்ற மறைகுறியாக்க மென்பொருளின் கதை வேறு. இலவசம், மூலநிரலை எவரும் படிக்கலாம், எழுதியவர்கள் மட்டும் முகம் காட்டவில்லை. மறைகுறியாக்கத் தரங்களையே அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ பலவீனப்படுத்த முனைந்ததை 2013இல் ஸ்னோடென் கசியவிட்ட அதன் ஆவணங்கள் காட்டியதும் இந்த முகமின்மை உறுத்தத் தொடங்கியது. பாதுகாப்பு ஆய்வாளர்களான மத்யூ கிரீன், கென்னத் வைட் இருவரும் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தணிக்கையில் இறங்கினார்கள். வேலை பாதியில் இருக்கையில், 2014 மே 28 அன்று, 'இது பாதுகாப்பானதல்ல' என்று அறிவித்துவிட்டு ட்ரூகிரிப்ட்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மைக்ரோசொஃப்டின் மறைகுறியாக்க வசதியான பிட்லொக்கருக்கு மாறும்படி யோசனையும் சொன்னார்கள். யாராவது மிரட்டினார்களோ என்று உலகமே ஊகித்தது.

தணிக்கை நிற்கவில்லை. 2015 ஏப்ரலில் முடிவு வந்தது: குறைகள் சில உண்டு, வேண்டுமென்றே வைத்த பின்கதவுக்குச் சான்றில்லை. அதே ஆண்டு கூகுளின் ஜேம்ஸ் ஃபோர்ஷோ மேலும் இரண்டு ஓட்டைகளைக் கண்டார்; ட்ரூகிரிப்ட்டின் வாரிசான வெராகிரிப்ட் அவற்றை அடைத்தது. நிரல் திறந்திருந்ததால்தான் இவ்வளவும் சாத்தியமானது.

பிட்லொக்கரின் மூலநிரலை அப்படி எவரும் எடுத்துப் படிக்க முடியாது. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11ஐத் தொடங்கினால், பல லேப்டாப்களில் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கிலேயே போய்ச் சேர்கிறது. கடவுச்சொல் மறந்தவருக்கு அது உயிர்காப்பு. ஆனால் நீதிமன்ற ஆணையோடு வருபவருக்கும் அது கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. காணாமற்போனோர் பற்றிய வாக்குமூலம் வைத்திருப்பவர் முதலில் தன் கணக்கைத் திறந்து அந்தச் சாவி அங்கே இருக்கிறதா என்று பார்க்கட்டும். வெராகிரிப்ட்டுக்கு மாறுவதானால், கடவுச்சொல்லை மறந்தவருக்கு அந்த மென்பொருளைச் செய்தவர்களாலும் உதவ முடியாது. ஆகவே பூட்டிய பிரதி ஒன்றையும் கடவுச்சொல்லையும் நம்பிக்கையான இருவரிடம் தனித்தனியே கொடுத்துவைக்க வேண்டும்.