உறைய மறுக்கும் காந்தங்கள்: மியூவான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கையை நீட்டினால், உள்ளங்கையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் துளைத்துச் செல்லும். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் துகள் இது. நிறை எலெக்ட்ரானைப்போல் 207 மடங்கு. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி. இதையே முடுக்கிகளில் உண்டாக்கி, பிடிபடாத சில காந்தங்களை ஆராய்கிறார்கள்.

எது சிக்கல்?

சில பொருள்களில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் ஸ்பின்கள், அதாவது அவற்றின் நுண்காந்தங்கள், எதிரெதிர்த் திசையை நாடும். அணுக்கள் முக்கோணமாக அமைந்தால், இரண்டு எதிரெதிராக நின்றபின் மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பும்? இந்த இழுபறியால், எவ்வளவு குளிர்வித்தாலும் ஒழுங்கு வராமல் போகலாம். அப்போது ஸ்பின்கள் தாறுமாறாக உறைந்துவிட்டனவா, இன்னும் மாறிக்கொண்டிருக்கின்றனவா என்பதே கேள்வி. மாறிக்கொண்டே இருப்பது ‘குவாண்டம் ஸ்பின் திரவம்’, 1973-இல் இயற்பியலாளர் பி.டபிள்யூ. ஆண்டர்சன் முன்வைத்த கருத்து. அதை 1987-இல் அவருடன் சேர்ந்து மீக்கடத்திகளுக்கு விரித்தவர்களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரனும் ஒருவர்.

மியூவானின் சாட்சியம்

ஸ்பின்கள் ஒரே திசை நோக்கும் நேர்மின் மியூவான் கற்றையைப் பொருளுக்குள் செலுத்துவார்கள். உள்ளே நின்ற மியூவானின் ஸ்பின், அங்குள்ள காந்தப் புலத்தில் பம்பரம்போலத் தலையாட்டும். மியூவான் சிதையும்போது, அந்நேரம் ஸ்பின் காட்டும் பக்கமே, எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானை அதிகம் வீசும். பல லட்சம் பாசிட்ரான்களை எண்ணினால் உள்ளிருக்கும் புலம் தெரியவரும்.

காந்த ஒழுங்கு இருந்தால் எண்ணிக்கை சீராக ஏறி இறங்கும். தாறுமாறாக உறைந்திருந்தால், தொடக்கத்தில் இருந்த திசைச் சாய்வில் மூன்றிலொரு பங்கு அழியாமல் எஞ்சும். புலம் மாறிக்கொண்டே இருந்தால் அதுவும் தேய்ந்துபோகும். உறுதிசெய்ய, ஸ்பின் திசையில் வெளியிலிருந்து ஒரு புலத்தைச் செலுத்துவார்கள். உறைந்த புலங்களின் விளைவை அது எளிதில் அடக்கிவிடும். விரைந்து மாறுபவை அவ்வளவு எளிதில் அடங்கா.

சென்னைத் தொடர்பு

ஈயம், செம்பு, டெலூரியம், ஆக்சிஜன் அடங்கிய ஒரு சேர்மத்தில் செம்பு அணுக்கள் முப்பரிமாண முக்கோண வலையாக அமைந்துள்ளன. தனிச்சுழி வெப்பநிலைக்கு 0.02 டிகிரி மேல்வரை குளிர்வித்தும் அதன் ஸ்பின்கள் உறையவில்லை என்று 2016-இல் மியூவான், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு ஆய்வுகள் காட்டின. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர், பின்னர் சென்னை ஐஐடியில் சேர்ந்த பி. குந்தியா.

கல்பாக்கத்தின் காமினி அணு உலையில் நியூட்ரான் கற்றை உண்டு. ஆனால் மியூவான் கற்றை நாட்டில் எங்குமில்லை. பிரிட்டன், சுவிட்சர்லாந்து, கனடா, ஜப்பான் நிலையங்களுக்கே மாதிரிகள் பயணப்பட வேண்டும்.

மியூவானின் சொல்லே முடிவான தீர்ப்பும் அல்ல. அதன் மின்னூட்டம் சுற்றியுள்ள அணுக்களைச் சற்றே நகர்த்திவிடக்கூடும். படிகத்தின் குறைபாடுகளும் ஸ்பின் திரவம்போலத் தோற்றம் காட்டும். அதனால்தான் நியூட்ரான், வெப்ப ஏற்புத்திறன் அளவீடுகளும் ஒத்துப்போகும்வரை எந்தப் பொருளையும் ‘ஸ்பின் திரவ வேட்பாளர்’ என்றே ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.