சாலைசாரா மோட்டார் சைக்கிள்களின் வீட்டுப் பாதுகாப்பு

சாலைசாரா மோட்டார் சைக்கிள் என்பது பொதுச் சாலைகளில் அல்லாமல் மண்தடம், காட்டுப்பாதை, பாறைச் சரிவு போன்ற இடங்களில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட விசையுந்து ஆகும். மோட்டோகிராஸ், என்டியூரோ, டிரையல்ஸ் ஆகிய போட்டிகளுக்கான வண்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவை பெரும்பாலும் வார இறுதிகளில் மட்டுமே ஓட்டப்படுகின்றன. மற்ற நாட்களில் உரிமையாளரின் வீட்டுக் கராஜிலோ தோட்டத்து மரக் கொட்டிலிலோ நிற்கின்றன. எனவே வண்டி நிற்கும் வீட்டைப் பாதுகாப்பதே இவற்றைத் திருட்டிலிருந்து காப்பதில் முதன்மையானது ஆகும்.

சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலையிலேயே அமைக்கப்படும் சாவி, கைப்பிடிப் பூட்டு, பதிவெண் ஆகியவற்றில் பெரும்பாலானவை சாலைசாரா வண்டிகளில் இல்லை. இக்குறையை உரிமையாளரே ஈடுசெய்ய வேண்டியுள்ளது. இக்கட்டுரை, இவ்விளையாட்டு பரவலாக உள்ள ஐக்கிய இராச்சியத்தின் நடைமுறைகளை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

திருட்டுக்கு எளிதில் உள்ளாகும் காரணங்கள்

சாவி இன்மை: பெரும்பாலான மோட்டோகிராஸ் வண்டிகளுக்குச் சாவி கிடையாது. பழைய வண்டிகளை உதைத்தே இயக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு மாதிரிகளில் ஹோண்டா சி.ஆர்.எஃப்.450ஆர், யமஹா வை.செட்.450எஃப் ஆகிய இரண்டிலும் மின் இயக்கி அமைக்கப்பட்ட பின்னர், ஒரு பொத்தானை அழுத்தினாலே அவ்வண்டிகள் இயங்கத் தொடங்குகின்றன. போட்டியில் விழுந்த ஓட்டுநர் விரைந்து மீண்டும் புறப்படுவதற்காகச் செய்யப்பட்ட இவ்வசதி திருடருக்கும் அவ்வாறே பயன்படுகிறது.

குறைந்த எடை: முழு அளவு மோட்டோகிராஸ் வண்டியின் எடை சுமார் 100 முதல் 115 கிலோகிராம் வரை ஆகும். டிரையல்ஸ் வண்டிகள் சுமார் 70 கிலோகிராம் எடையுள்ளவை. சிறுவர்களுக்கான 50 கன செ.மீ. வண்டிகளின் எடை சுமார் 40 கிலோகிராம் மட்டுமே. இருவர் சேர்ந்தால் இவற்றில் எதனையும் வேன் ஒன்றில் தூக்கி வைத்துவிடலாம். எஞ்சினை இயக்கவே தேவையில்லை.

பதிவு இன்மை: ஐக்கிய இராச்சியத்தில் பொதுச் சாலையில் ஓட்டப்படாத மோட்டோகிராஸ் வண்டியை அரசிடம் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அதற்குப் பதிவெண் பலகையும் பதிவுச் சான்றும் இருப்பதில்லை. திருடிய வண்டியை விற்பவரிடம் வாங்குபவர் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய அரசு ஆவணம் இல்லாததால் விற்பனை எளிதாகிறது.

உதிரிப்பாகங்களின் மதிப்பு: எஞ்சின், அதிர்வு தாங்கிகள், சக்கரங்கள் முதலியவை ஒரே மாதிரியைச் சேர்ந்த பல வண்டிகளுக்குப் பொருந்துவதால், வண்டியைப் பிரித்தும் விற்கலாம்.

வீடு அறியப்படும் வழிகள்

கராஜுக்குள் இருக்கும் வண்டி வெளியில் தெரிவதில்லை. எனவே அது எந்த வீட்டில் உள்ளது என்பதை அறிவதே திருடரின் முதல் பணி ஆகும். இது பொதுவாகப் பின்வரும் வழிகளில் நடைபெறுகிறது.

* பந்தயத் தடத்திலிருந்து வீடு திரும்பும் வேனைப் பின்தொடர்தல். போட்டி நிறுவனங்களின் ஒட்டுச்சின்னங்கள் நிறைந்த வேன் தன் உள்ளடக்கத்தைத் தானே அறிவிக்கிறது.
* வீட்டு முற்றத்தில் வண்டியைக் கழுவுவதையும் பழுதுபார்ப்பதையும் கவனித்தல். சேறு படிந்த வண்டியை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியிருப்பதால் இது அடிக்கடி நேர்கிறது.
* இணையத்தில் இடப்படும் படங்கள். கைபேசியில் எடுத்த படத்தின் கோப்பில் அது எடுக்கப்பட்ட இடம் பதிவாகியிருக்கலாம். பின்னணியில் தெரியும் கதவும் தெருவும் கூட வீட்டைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.
* உடற்பயிற்சிச் செயலிகள். பயணத்தின் தொடக்கமும் முடிவும் வீட்டு வாசலிலேயே பதிவானால், வரைபடத்தைப் பார்க்கும் எவரும் முகவரியை அறியலாம்.
* விற்பனை விளம்பரம். வாங்க வருபவராக நடித்து வண்டியையும் பூட்டையும் பார்த்துச் செல்பவர் பின்னர் திரும்பி வரலாம்.

இவற்றைத் தவிர்க்கப் பெரும் செலவு தேவையில்லை. வண்டியை ஏற்றும்போதும் இறக்கும்போதும் தாமதிக்காமல் இருத்தல், கழுவிய உடன் உள்ளே வைத்துக் கதவை மூடுதல், படங்களில் இடக்குறிப்பை நீக்குதல், விற்கும்போது வேறோர் இடத்தில் வைத்து வண்டியைக் காட்டுதல் ஆகியவை போதுமானவை.

அடிப்படைக் கோட்பாடு

எந்தப் பூட்டும் முற்றிலும் உடைக்க இயலாதது அன்று. பூட்டின் பணி திருடருக்கு ஆகும் நேரத்தையும், எழும் ஓசையையும், தேவைப்படும் கருவிகளின் எண்ணிக்கையையும் கூட்டுவதே ஆகும். எனவே விலையுயர்ந்த ஒரே பூட்டை நம்புவதை விட, வெவ்வேறு வகைத் தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைப்பது சிறந்ததாகக் கருதப்படுகிறது. கதவை நெம்பும் கடப்பாரை சங்கிலியை அறுக்க உதவாது. சங்கிலியை அறுக்கும் கருவி ஒலி எச்சரிக்கையை நிறுத்த உதவாது. அதே வேளை, ஓர் அடுக்கின் வலிமை அதன் மிக மெலிந்த உறுப்பின் வலிமையே ஆகும். தடித்த சங்கிலியில் மலிவான தொங்கு பூட்டைப் பொருத்தினால் பூட்டே முதலில் உடைக்கப்படும்.

கட்டடம்

பிரித்தானிய வீடுகளில் பரவலாக உள்ள மேல்நோக்கித் தூக்கும் கராஜ் கதவு பெரும்பாலும் நடுவிலுள்ள ஒரே கைப்பிடியால் பூட்டப்படுகிறது. மெல்லிய தகட்டாலான இதன் மூலைகளை எளிதில் வளைக்கலாம். கதவின் இரு பக்கங்களிலும் உட்புறத் தாழ்ப்பாள்கள் அமைத்தல், வெளியே தரையில் பதித்த எஃகுத் தடுப்பினால் கதவின் அடிப்பகுதி உயராமல் தடுத்தல் ஆகியவை இதற்கான தீர்வுகள் ஆகும். உட்புறத் தாழ்ப்பாள்களைப் பயன்படுத்த கராஜுக்கு வேறொரு வாயில் இருக்க வேண்டும். அவ்வாயிலும் அதே அளவு உறுதியாக இருத்தல் வேண்டும்.

மரக் கொட்டில்களில் கதவை விட நாதாங்கியும் கீல்களுமே மெலிந்த பகுதிகள் ஆகும். இவை சிறு திருகாணிகளால் மட்டும் பொருத்தப்பட்டிருந்தால் சாதாரணத் திருப்புளியால் கழற்றிவிடலாம். மரத்தை முழுதும் ஊடுருவிச் செல்லும், வெளித்தலை மழுங்கிய மரையாணிகளைப் பொருத்தி உட்புறத்தில் பட்டைத் தகடு வைத்து முடுக்கினால் இக்குறை நீங்கும். சாளரங்களை உட்புறமாக மறைப்பதும் பயன்தரும்.

சங்கிலியும் நங்கூரமும்

வண்டியை அசையாத பொருளொன்றுடன் பிணைக்காவிட்டால், சக்கரப் பூட்டு போன்றவற்றால் பயன் குறைவு. பூட்டுடன் சேர்த்தே வண்டியைத் தூக்கிச் செல்ல முடியும் என்பதே இதற்குக் காரணம். ஆகவே தரையிலோ சுவரிலோ எஃகு நங்கூரம் பதிக்கப்படுகிறது. கான்கிரீட் தரையில் துளையிட்டு, விரியும் மரையாணிகளாலோ வேதிப்பசையாலோ இதனை நிலைநிறுத்துவர். தரையின் விளிம்பை ஒட்டித் துளையிட்டால் கான்கிரீட் பிளந்துவிடக்கூடும். மரையாணித் தலையின் குழியில் எஃகுக் குண்டை அடித்து இறுக்கினால் அதைப் பின்னர் கழற்ற இயலாது. மரத்தரை கொண்ட கொட்டிலில் பலகையுடன் நங்கூரத்தைப் பிணைப்பதில் பயனில்லை. தரைக்குக் கீழே கான்கிரீட் கட்டியொன்றை வார்த்து அதில் பதித்தல் வேண்டும். துளையிட அனுமதியில்லாத வாடகை வீடுகளில், பல வண்டிகளை ஒன்றோடொன்று பிணைத்தால் தூக்கிச் செல்வது கடினமாகும்.

நல்ல சங்கிலியின் கண்ணிகள் மேற்பரப்பில் மிகக் கடினமாகவும் உட்பகுதியில் சற்று நெகிழ்வாகவும் இருக்குமாறு வெப்பப் பதனிடப்படுகின்றன. கடினமான மேற்பரப்பு வெட்டும் கருவியின் பல் பதிவதைத் தடுக்கிறது. நெகிழ்வான உட்பகுதி சம்மட்டி அடியில் உடையாமல் காக்கிறது. கண்ணியின் தடிப்பு 16 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால், கையால் இயக்கும் போல்ட் கட்டரால் அதை வெட்டுவது மிகக் கடினம்.

சங்கிலியை மாட்டும் முறையும் முக்கியமானது. சக்கரத்தில் மட்டும் மாட்டினால், அச்சின் மரையைக் கழற்றிச் சக்கரத்தை விட்டுவிட்டு வண்டியைக் கொண்டு செல்லலாம். சட்டகத்தின் மூடிய பகுதியொன்றின் ஊடாகச் சங்கிலியைச் செலுத்துதல் வேண்டும். சங்கிலியும் பூட்டும் தரையைத் தொடாமல் இறுக்கமாக இருப்பது நல்லது. தரையில் கிடக்கும் பூட்டுக்குத் தரையே பட்டறைக் கல்லாகி, சம்மட்டி அடியின் முழு விசையும் பூட்டின் மீது இறங்குகிறது.

ஐக்கிய இராச்சியத்தில் சோல்ட் செக்யூர் என்னும் அமைப்பு பூட்டுகளையும் சங்கிலிகளையும் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் எனத் தரப்படுத்துகிறது. நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. அமைப்பு இதே பணியை நட்சத்திரங்கள் வழங்கிச் செய்கிறது.

ஆங்கிள் கிரைண்டரும் புதிய பொருட்களும்

மின்கலத்தால் இயங்கும் ஆங்கிள் கிரைண்டர் மலிவானது முதல் எஃகுச் சங்கிலிகளின் நிலை மாறியுள்ளது. எவ்வளவு தடித்த எஃகாயினும் சுழலும் தேய்ப்புத் தட்டு அதை அறுத்துவிடும். 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் செருமனியின் பிரான்ஹோஃபர் நிறுவனமும் சேர்ந்த ஆய்வுக்குழு புரோட்டியஸ் என்னும் பொருளை அறிமுகப்படுத்தியது. நுரை போன்ற அலுமினியத்தினுள் பீங்கான் உருண்டைகள் பதிக்கப்பட்ட இது, எஃகின் அடர்த்தியில் சுமார் 15 சதவீத அடர்த்தியே கொண்டது. தட்டு பீங்கானைத் தொடும்போது எழும் அதிர்வும் நுண்துகளும் தட்டையே மழுங்கச் செய்கின்றன. பீங்கான் சேர்மங்களும் கிராபீனும் கலந்த பொருட்களால் கவசமிட்ட பூட்டுகள் 2020களில் விற்பனைக்கு வந்துள்ளன. இவையும் நேரத்தைக் கூட்டுபவையே. முழுமையான தடை அல்ல.

எச்சரிக்கையும் தடமறிதலும்

உடல் வெப்பத்தை உணரும் ஒலி எச்சரிக்கைக் கருவி கராஜினுள் நுழைந்த உடன் ஒலிக்க வேண்டும். கதவு திறந்து சில நொடிகளிலேயே ஓசை எழுந்தால் சங்கிலியை அறுக்கும் நேரம் வீட்டாருக்கு உதவும் நேரமாக மாறுகிறது. கண்காணிப்பு ஒளிப்படக்கருவி திருட்டைத் தடுப்பதை விடச் சான்று திரட்டவே மிகுதியும் உதவுகிறது. அது தெருவையோ அண்டை வீட்டையோ படம்பிடித்தால் ஐக்கிய இராச்சியத்தில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்படும்.

செயற்கைக்கோள் வழி இடங்காட்டி வண்டியின் இருப்பிடத்தைக் கைபேசி வலையமைப்பின் ஊடாகத் தெரிவிக்கிறது. உலோக வேனினுள் அல்லது கொள்கலத்தினுள் இருக்கும்போது இச்சமிக்ஞை வலுவிழக்கிறது. மின்கலம் இல்லாத வண்டிகளில் இடங்காட்டிக்கெனத் தனி மின்கலம் வேண்டும். அதைக் குறித்த காலத்தில் மின்னேற்றம் செய்ய மறத்தல் பொதுவான குறை ஆகும்.

அடையாளமும் ஆவணங்களும்

அரசுப் பதிவு இல்லாத வண்டிக்கு அதன் சட்டகத்தில் பொறிக்கப்பட்ட அடையாள எண்ணே பெயர் போன்றது. பன்னாட்டுத் தரத்தின்படி இது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. 1, 0 ஆகிய எண்களுடன் குழப்பம் நேராதிருக்க ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் இதில் பயன்படுத்தப்படுவதில்லை. உரிமையாளர் பின்வருவனவற்றை வீட்டுக்கு வெளியேயும் ஒரு படியாக வைத்திருத்தல் நல்லது.

* சட்டக எண், எஞ்சின் எண் ஆகியவற்றின் தெளிவான படங்கள்
* வாங்கிய பற்றுச்சீட்டு
* வண்டியின் இருபுறப் படங்கள், மாற்றப்பட்ட பாகங்கள், தனித்தன்மையான கீறல்கள்

இவற்றுடன், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்புள்ளிகளைப் பாகங்களில் பூசுவதும், மின்னணுச் சில்லுகளைச் சட்டகத்தினுள் மறைப்பதும் வழக்கில் உள்ளன. ஒவ்வொரு பாகத்திலும் அடையாளம் இருந்தால் வண்டியைப் பிரித்து விற்பதும் ஆபத்தாகிறது. மீட்கப்பட்ட வண்டி யாருடையது என்று நிறுவ முடியாவிட்டால், அது உரிமையாளரிடம் திரும்பாமலே போகக்கூடும்.

சட்டமும் காப்புறுதியும்

ஐக்கிய இராச்சியத்தில் 2023ஆம் ஆண்டு சூலையில் கருவித் திருட்டுத் தடுப்புச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. பண்ணைகளில் பயன்படும் குவாட் வண்டிகளின் திருட்டை முதன்மையாகக் கருதி இயற்றப்பட்ட இச்சட்டம், புதிய வண்டிகளில் இயக்கத் தடைக் கருவியும் தடயக் குறியீடும் இருக்க வேண்டும் என விதிகள் வகுக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

சாதாரண வீட்டுப் பொருள் காப்புறுதிகள் பலவற்றில் எஞ்சின் கொண்ட வாகனங்கள் விலக்கப்பட்டுள்ளன. தனிக் காப்புறுதி எடுப்போர், குறிப்பிட்ட தரமுடைய பூட்டு இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை வாசித்தல் வேண்டும். அவற்றை மீறியிருந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

தீப் பாதுகாப்பு

திருட்டுக்கு அஞ்சி வண்டியை வீட்டின் நடைவழியில் வைப்பது ஆபத்தானது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு படர்ந்து, தொலைவிலுள்ள தீப்பொறியாலும் பற்றக்கூடியது. மின்கல வண்டிகளின் லித்தியம் மின்கலங்களும் சேதமுற்றாலோ பொருந்தாத மின்னேற்றியால் ஏற்றப்பட்டாலோ தீப்பற்றலாம். தீ நேர்ந்தால் வெளியேற வேண்டிய வழியில் இவற்றை வைத்தல் கூடாது. வீட்டை ஒட்டிய கராஜிலும் உள்ளிருப்போர் சாவியின்றி வெளியேறும் வழி இருத்தல் வேண்டும்.

திருட்டு நிகழும்போது

ஓசை கேட்டவர் திருடர்களை எதிர்கொள்ளாமல், உள்ளிருந்தே காவல்துறையை அழைப்பது பாதுகாப்பானது. ஐக்கிய இராச்சியத்தில் திருட்டு நடந்துகொண்டிருந்தால் 999 எண்ணிலும், முடிந்த பின்னர் 101 எண்ணிலும் தெரிவிக்கலாம். சட்டக எண்ணை உடன் அளித்து, காவல்துறை தரும் குற்றப் பதிவெண்ணைக் காப்புறுதிக்காகப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். திருடப்பட்ட வண்டி எங்கேனும் விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டால், தாமே சென்று மீட்க முயலாமல் அத்தகவலையும் காவல்துறைக்கு அளித்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* விசையுந்து
* மோட்டோகிராஸ்
* பூட்டு
* வாகன அடையாள எண்