லாரி ஓட்டுநரின் காலணி

நாமக்கல்லிலிருந்தோ சங்ககிரியிலிருந்தோ வட மாநிலங்களுக்கு லோடு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநரின் கால்களுக்கு இரண்டு வேலைகள். கேபினுக்குள் மணிக்கணக்கில் கிளட்சையும் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் அளந்து மிதிக்க வேண்டும். இறங்கினால் டீசல் கசிந்த படியில் கால் வைக்கவும், தார்ப்பாய் கட்ட லோடின் மேல் ஏறவும், ஆணியும் தகரமும் கிடக்கும் யார்டில் நடக்கவும் வேண்டும். முதல் வேலைக்கு வளைந்துகொடுக்கும் மெல்லிய காலணி வேண்டும், அடுத்ததற்குத் தடித்த முரட்டுக் காலணி. ஒரே ஜோடியால் இரண்டையும் சமாளிக்கப் பார்ப்பதில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன. வசதி இருந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதே நல்லது.

நடைமுறையில் பெரும்பாலானவர்கள் ஹவாய் செருப்பு அணிகிறார்கள், அல்லது செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஓட்டுகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஏசி இல்லாத பழைய வண்டிகளில் எஞ்சின் கேபினுக்கு அடியிலேயே இருப்பதால் தரை கொதிக்கும், இடது கால் பக்கம் வெக்கை இன்னும் அதிகம். ஆனால் குதிகாலில் பிடிப்பில்லாத செருப்பு, அவசரமாகப் பிரேக்கை மிதிக்கும்போது மடங்கிப் பெடலில் மாட்டிக்கொள்ளும். கழற்றிப் போட்ட செருப்பு அதைவிட ஆபத்து. தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில் வண்டி முன்னால் சாயும்போது, அது தரையில் சறுக்கிப் பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் பெடல் முழுதாக இறங்காது. கழற்றிய எதையும் ஓட்டுநரின் காலடியில் விடாமல் இருக்கைக்குப் பின்னால் வைப்பதே சரி.

ஓட்டும்போது அணியும் காலணியின் அடிப்பாகம் மெல்லியதாகவும் வழுக்காததாகவும் இருக்க வேண்டும். ஏர் பிரேக் பெடலை லேசாக மிதித்தாலே போதும். எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைப் பாதம்தான் உணர்ந்து சொல்கிறது. தடித்த அடிப்பாகம் அந்த உணர்வை மறைத்துவிடும். காலைவிட அகலமான காலணி இரண்டு பெடல்களை ஒன்றாக அமுக்கிவிடக்கூடும். ஷூ வேண்டாம் என்பவர்கள் குதிகாலைச் சுற்றிப் பட்டை இறுகும் சாண்டலையாவது அணியலாம்.

கீழே இறங்கிச் செய்யும் வேலைக்கு சேஃப்டி ஷூ. இந்தியாவில் இதற்கான தர அளவுகோல் ஐஎஸ் 15298. அதன் 2-ஆம் பகுதியின்படி தயாரான ஷூவின் முன்பக்கத் தொப்பி 200 ஜூல் தாக்கத்தைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. 3-ஆம் பகுதியில் வருபவை 100 ஜூல் தாங்கும். 4-ஆம் பகுதியில் வருபவற்றுக்குத் தொப்பியே கட்டாயமில்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் சேஃப்டி ஷூ என்றே சொல்லக்கூடும் என்பதால், ஐஎஸ்ஐ முத்திரையோடு பகுதி எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். பெட்ரோல், கேஸ் டேங்கர் ஓட்டுபவர்களுக்கு நிலைமின்சாரம் தேங்கவிடாத வகை தேவை. தொப்பியுள்ள ஷூவோடு நெடுந்தூரம் ஓட்டினால் தொப்பியின் பின்விளிம்பு விரல்களின் மேல் அழுந்திப் புண்ணாக்கும்.

அடிப்பாகம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். சாதாரண ரப்பர் டீசல் பட்டால் ஊறி உப்பிவிடும், நைட்ரைல் ரப்பர் தாங்கும். பியு எனப்படும் பாலியூரிதேன் லேசானது, எண்ணெயையும் தாங்கும். ஆனால் காற்றின் ஈரத்தில் அது மெல்லச் சிதையும். அணியாமல் பெட்டியிலேயே பல வருடம் கிடந்த பியு ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தால், அடிப்பாகம் ஈரமான பிஸ்கட் போல உதிரும். தள்ளுபடியில் வாங்கும்போது ஷூவில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் பார்ப்பது இதனால்தான்.

காலைத் தொங்கவிட்டு வெகுநேரம் உட்காருவதால் பாதம் வீங்கும். ஆகவே, அணியப்போகும் சாக்ஸோடு மாலையில் போய் அளவு பார்க்க வேண்டும். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் சரி. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு ஷூவுக்குள் கிடக்கும் சிறு கல்லோ தரையின் சூடோ தெரியாது. அவர்கள் அணியும் முன் உள்ளே கைவிட்டுப் பார்ப்பதும், இரவில் பாதத்தைச் சோதிப்பதும் அவசியம்.

பராமரிப்பில் அடிக்கடி நடக்கும் தவறு, மழையில் நனைந்த ஷூவை எஞ்சின் மூடி மேல் காயவைப்பது. அந்தச் சூட்டில் தோல் விறைத்து வெடிக்கும், பசை விடும். உள்ளட்டையை எடுத்துவிட்டு, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, அது ஈரத்தை உறிஞ்சியதும் மாற்றி, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். டீசல் பட்டால் உடனே துடைத்து சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஷூவில் ஒட்டும் ஈர சிமென்ட் காரமானது, தோலை அரித்துவிடும். அதைக் காய விடவே கூடாது. பருத்தி சாக்ஸைத் தினமும் மாற்றினால் சேற்றுப்புண் வரும் வாய்ப்பு குறையும்.

ஓட்டுநரின் வலது காலணி, குதிகாலின் பின்விளிம்பில்தான் முதலில் தேயும். ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக்குக்கும் இடையே மாறும்போது பாதம் அந்த இடத்தை ஊன்றித்தான் திரும்புகிறது. அங்கே அடிப்பாகத்தின் வரிப்பள்ளம் மழுங்கிவிட்டால் இடது காலணி புதிதாகத் தெரிந்தாலும் ஜோடியை மாற்ற வேண்டியதுதான். சேஃப்டி ஷூவின் தொப்பி மேல் ஒருமுறை கனமான பொருள் விழுந்திருந்தால், வெளியே தடம் தெரியாவிட்டாலும் அதைத் தொடர்ந்து அணியக்கூடாது; உள்ளே நசுங்கிய தொப்பி அடுத்த அடியைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.