அரிசி மூட்டையோடு விஷம் பயணம் செய்யலாமா?



புல்லுக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதையும் மருந்து என்கிறோம். இந்த ஒரு சொல்லே நம்மைப் பலமுறை ஏமாற்றிவிடுகிறது. புல் மருந்து தோட்டத்து ஸ்டோரில் இருக்கும்வரை கவலை குறைவு. கதவைப் பூட்டலாம், சாவியைப் பொறுப்பானவரிடம் கொடுக்கலாம். அது டிராக்டரிலும் லோரியிலும் மோட்டார் சைக்கிளிலும் குலுங்கிக்கொண்டு போகிற நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம்.

1958-ஆம் ஆண்டு கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கப்பலில் உணவுப் பொருள் மூட்டைகளோடு பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியும் ஏற்றப்பட்டிருந்தது. வழியில் அது கசிந்து, கோதுமை மாவில் ஊறிவிட்டது. அந்த மாவில் செய்த பலகாரத்தை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோயினர். யாரும் யாருக்கும் வேண்டுமென்று விஷம் வைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினார்கள், அவ்வளவுதான். இந்தியாவில் 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததற்கு இந்தத் துயரமும் ஒரு காரணம்.

ஆகவே முதல் விதி இது: மனிதர்கள் ஏறும் வண்டியில், சாப்பாட்டுச் சாமான் வரும் வண்டியில், மாட்டுத் தீவனம் வரும் வண்டியில் விஷம் ஏறக்கூடாது. சம்பள நாளில் பட்டணத்திலிருந்து திரும்பும்போது, “ஒரே வாடகை தானே” என்று அரிசி மூட்டைக்கு மேலேயே புல் மருந்து டின்னை வைத்துக் கொண்டுவருவதை நான் பார்த்திருக்கிறேன். மிச்சமாவது சில வெள்ளி. மூட்டை நனைந்து காய்ந்துவிட்டால் கறைகூடத் தெரியாது.

அடுத்து, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட். இதற்கு ஃபார்மிக் ஆசிட் என்று பெயர். மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் சிவப்பெறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சுவதும் இதைத்தான். எறும்பிடம் இருப்பது துளியிலும் துளி. அதற்கே எப்படித் துள்ளுகிறோம்! ஆசிட் கேனை நிமிர்த்தி வைத்து, மூடியை இறுக்கி, கயிற்றால் கட்டியே கொண்டுபோக வேண்டும். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் மடியில் வைத்துக்கொள்வது கூடவே கூடாது. துணி வெளுக்கும் கிளோரோக்ஸ் போத்தலையும் ஆசிட்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டும் சிந்திக் கலந்தால் குளோரின் வாயு எழும்பி, மூச்சுக் குழாயையும் நுரையீரலையும் தாக்கும். ஆசிட் மேலே பட்டுவிட்டால் நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். பற்பசை, கிச்சாப் எதுவும் பூச வேண்டாம்.

மருந்தை அதன் சொந்த டின்னிலேயே கொண்டுபோவது இன்னொரு முக்கியமான விதி. தூக்கச் சுலபம் என்று சோடா போத்தலில் ஊற்றிக்கொள்வோர் இன்னும் இருக்கிறார்கள். அந்த நிமிடமே விஷம் தன் பெயரை இழந்துவிடுகிறது. தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு அது வெறும் சோடா. பாராகுவாட் என்னும் புல் மருந்தை ஒரு மிடறு விழுங்கினாலே உயிர் போகலாம். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் அதற்கு முழுத் தடை. ஆனாலும் பழைய போத்தல் எந்த வீட்டு மூலையில் கிடக்கிறதோ, யார் கண்டது?

படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆபத்தான சரக்குகளை ஏற்றிச் செல்வதற்கான ஐக்கிய நாட்டுச் சபையின் பரிந்துரைகள் 1956-இல் முதன்முதலாக வெளிவந்தன. இன்று அவற்றின்படி சரக்குகளை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்து, சாய்சதுரப் படங்களால் காட்டுகிறார்கள். சிவப்பில் தீச்சுடர் என்றால் பெட்ரோல் போலத் தீப்பற்றும் திரவம். வெள்ளையில் மண்டை ஓடு என்றால் நஞ்சு. மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி கறுப்பு, கையின் மேல் திரவம் சொட்டுகிறது என்றால் அரிக்கும் ஆசிட். என் வகுப்புப் பிள்ளைகள் இந்த மூன்றையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

இந்தப் படம் போட்ட லோரி சாலையில் கவிழ்ந்துவிட்டால், வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள். வாளியோடு பெட்ரோல் பிடிக்கவும் ஓடாதீர்கள். ஒரு பொறி போதும். காற்று நம் முதுகில் பட்டு லோரியை நோக்கி வீசும் பக்கமாகத் தூரப் போய் நின்று, 999-க்குச் சொல்லுங்கள். லோரியில் நான்கு இலக்க எண் எழுதியிருக்கும். பெட்ரோலுக்கு 1203. தூரத்திலிருந்தே தெரிந்தால் அதைச் சொல்லலாம். தெரியாவிட்டால் படத்தைச் சொன்னாலும் போதும், கிட்டே போக வேண்டாம்.

காலி டின்னும் அதே வண்டியில் ஸ்டோருக்கே திரும்ப வேண்டும். மூன்று முறை அலசி, திரும்பப் பயன்படாதபடி ஓட்டை போட்டுவிடுவது ஸ்டோர்க்காரர் வேலை. “நல்ல டின்னாக இருக்கிறதே” என்று மழைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.