தையற்பொறியின் வார்

ஊசியையும் நூலையும் கண்டு வியக்கும் நாம், அவற்றை இயக்கும் வாரினை நினைப்பதில்லை. வார் தளர்ந்தால் தையற்காரரின் அன்றைய கூலியும் தளரும். ஆதலின் அதனைப் பேணும் முறையை ஈண்டுச் சிறிது கூறுவாம்.

மிதிபொறிக்கு உரியது தோல்வார். முகில் தவழும் கிளியூர் முதலிய சேர்வராயன் மலையூர்களில் தோல் ஈரத்தை உண்டு நெகிழும். அப்பொழுது மிகுந்த நீளத்தைச் சிறிதளவே வெட்டி, புதுத்துளையிட்டு, கம்பிக் கொக்கியால் மீண்டும் இணைத்தல் வேண்டும்.

திருப்பூர் போன்ற ஊர்களின் ஆடைத் தொழிற்சாலைகளில் மின்மோட்டாரோடு இயங்கும் பொறிகள் பலவற்றிற்கு ரப்பராலாகிய 'வி பெல்ட்' உண்டு. மோட்டார் தலையிலேயே பொருந்திய புதிய பொறிகளுக்கு இது வேண்டுவதில்லை. வி பெல்ட்டின் இரு பக்கங்களே சக்கரத்தின் பள்ளத்தைப் பற்றுவன; அடிப்புறம் பள்ளத்தின் அடியைத் தொடலாகாது. வெடிப்பும், பக்கங்களிற் பளபளப்பும், கரிய தூளும் தோன்றின் அதனை மாற்றுக.

முதலில் மின்னிணைப்பை நீக்கி, சக்கரம் முற்றும் நிற்கும்வரை காத்திருக்க. இதனை மறந்தோர் விரலையிழத்தல் கூடும். பின்னர் மூடியைக் கழற்றி, மோட்டாரைத் தாங்கும் நட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைச் சற்று உயர்த்தினால் பழைய வார் கழலும். அதே அகலமும் நீளமும் உடைய புதுவாரை மாட்டி, இரு சக்கரங்களும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என நோக்குக. பின் மோட்டாரைத் தாழ்த்தி நட்டுகளை முடுக்குக.

வாரின் நடுவை விரலால் மெல்ல அழுத்தினால் ஏறக்குறைய 1½ சென்டிமீட்டர் தாழ்வதே தக்க இறுக்கம். அதனின் மிக்குத் தளர்ந்தால் தடித்த துணியில் வார் வழுக்கும். மிக இறுகினால் அச்சும் பேரிங்கும் தேயும். மூடியை மீண்டும் பொருத்திய பின்னரே பொறியை ஓட்டுக. புதுவார் சின்னாளில் நீளுமாதலின், மறுபடியும் சோதித்தல் நலம்.