10 அடி ரூம் 10 சென்டிமீட்டர் ஆனது ஏன்? வீட்டு பிளான் சாஃப்ட்வேர் சொதப்பினால் இதைப் பாருங்க!

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் பழைய நெசவாளர் வீடு ஒன்றைப் புதுசா கட்டணும்னு வெச்சுக்குவோம். பிளான் போட்டுப் பார்க்க இலவசமாகக் கிடைக்கும் ‘ஸ்வீட் ஹோம் 3டி’ போதும். ஆனால் அளவு எல்லாமே ஏறுக்குமாறா வருதா?

முதலில் யூனிட்டைப் பாருங்க. மேஸ்திரி பேசுவது அடிக்கணக்கு. சாஃப்ட்வேர் சென்டிமீட்டரில் இருக்கலாம். 10 அடி ரூமுக்கு வெறும் 10 என்று அடித்தால் 10 செ.மீ. தான் வரும். போட வேண்டியது 304.8. ப்ரிஃபரன்ஸஸில் அடி, அங்குலத்துக்கு மாற்றிவிட்டால் தலைவலி இல்லை.

பழைய பிளானை போட்டோ எடுத்து அதன்மேல் வரைபவர்கள் சறுக்குவது ஸ்கேலில். 3 அடி கதவை வைத்து ஸ்கேல் பிடித்து, அதில் 1 அங்குலம் பிசகினால் 30 அடி சுவரில் 10 அங்குலம் பிசகும். அதனால் இருப்பதிலேயே நீளமான சுவரை எடுங்க. போட்டோவும் நேர் மேலிருந்து எடுத்ததாக இருக்கணும்.

டபுள் கிளிக் செய்தும் ரூம் உருவாகலையா? ஏதோ ஒரு மூலையில் சுவர் சேரவில்லை. ஜூம் செய்து ஒட்டுங்க.

அடுத்தது, தறி. சோபா, கட்டில் எல்லாம் ரெடியாக இருக்கும் லிஸ்ட்டில் குழித்தறியைத் தேடாதீங்க. ஒரு பெட்டியைப் போட்டு, வீட்டுத் தறியை டேப்பால் அளந்து அந்த அளவைக் கொடுங்க. பாவு நீளும் பக்கம் சுவர் வந்துவிடக் கூடாது. சோபான்னா அப்புறம் நகர்த்திக்கலாம், குழியை முடியாது.

கடைசியாக, 1:100-இல் பிரின்ட் எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்க. 10 அடி சுமார் 3 செ.மீ. வரணும். வரலைன்னா பிரின்ட் செட்டிங்கில் ‘ஃபிட் டு பேஜ்’ டிக் ஆகியிருக்கும், எடுத்துவிடுங்க.